சுண்டா கிராமத்தில் மனையும் வயலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காருட் பக்கத்து சுண்டா இனப் பெண்ணை முறைப்படி கட்டியிருக்கிறான். சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மனையும், அதையொட்டிக் கொஞ்சம் வயலும் விலைக்கு வந்திருக்கிறதாம். "வெளிநாட்டுக்காரர் பேரில் போட முடியாது, மச்சான் பேரில் பத்திரம் போட்டுவிட்டு, தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறாராம் தரகர். போடலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. தரகர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. 1960-ம் ஆண்டின் 5-ம் எண் நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு அந்த உரிமையை மாற்றிக் கொடுத்தால், அதே சட்டத்தின் 26-வது பிரிவின்படி பத்திரம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. மச்சான் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அவர் கடனில் விழுந்தாலோ காலமானாலோ, அவருடைய வாரிசுகள் முன்னால் உங்கள் மகன் தனியாக எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்கு எந்த மதிப்பும் இருக்காது.

சரியான வழி மருமகள் பேரில் வாங்குவது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. 1974-ம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. பாதி வெளிநாட்டவருடையது என்று ஆகிவிடுவதால், பத்திரம் எழுதும் அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவார். இதற்குத் தீர்வு சொத்துப் பிரிவினை ஒப்பந்தம். முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 2016 அக்டோபர் 27-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமான பின்பும் எழுதலாம். நோட்டரி முன் எழுதி, கல்யாணம் பதிவான இடத்திலேயே அதையும் பதிய வேண்டும்: முஸ்லிம்களுக்கு மத விவகார அலுவலகம், மற்றவர்களுக்குக் குடிமைப் பதிவு அலுவலகம். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பதியாத ஒப்பந்தம் மூன்றாம் நபரைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தம் பதிவான பிறகே முன்பணம் கொடுங்கள். அதன்பின் மனை முழுக்க முழுக்க மருமகளுடையது, மகன் போட்ட பணத்துக்கு அதில் பங்கு இல்லை. இதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, மனதார ஒத்துக்கொண்டு செய்ய வேண்டும். பின்னாளில் மனைவி வழியாக மகனுக்கு அந்த நிலம் வாரிசாக வந்தாலும், ஒரு வருடத்துக்குள் அவர் அதைக் குடிமகன் ஒருவருக்கு மாற்றியாக வேண்டும்.

அடுத்தது காகிதம். கிராமத்தில் உங்கள் கையில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் 'எஸ்பிபிடி' என்ற வரிச் சீட்டாக இருக்கும். எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பு மட்டுமே அது, உரிமைக்குச் சாட்சி இல்லை. கிராம அலுவலகத்துப் பதிவேட்டு நகலான 'லெட்டர் சி' அல்லது 'கிரிக்' வைத்திருப்பவர்களும் உண்டு. 2021-ம் ஆண்டின் 18-ம் எண் அரசு விதி இவற்றைப் பதிவு செய்ய ஐந்து வருடம் அவகாசம் கொடுத்தது. அது 2026 பிப்ரவரியோடு முடிந்துவிட்டதால், இவை இனி உரிமைக்கு ஆதாரம் இல்லை, நிலத்தை அடையாளம் காட்டும் குறிப்பு மட்டுமே. ஆகவே விற்பவரே தன் செலவில் நில அலுவலகச் சான்றிதழ் எடுத்துத் தரட்டும். அதுவரை பணம் பேச வேண்டாம்.

சான்றிதழ் இருந்தாலும் மாவட்ட நில அலுவலகத்தில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடமானமோ வழக்கோ இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பெயர் தாத்தாவுடையதாக இருந்தால் நிதானியுங்கள். சுண்டா கிராமங்களில் பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் ஏராளம். ஒரு வாரிசு சவூதியிலோ மலேசியாவிலோ வேலைக்குப் போயிருப்பார். அவருடைய கையெழுத்து இல்லாமல் மற்றவர்கள் விற்றுவிடுவார்கள், அவர் திரும்பி வந்ததும் வழக்கு வரும். எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் தூதரகம் வழியாக அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். எல்லைக் கற்களை நான்கு பக்கத்து அண்டை வீட்டார் முன்னிலையில் பாருங்கள். விற்பனைப் பத்திரத்தை 'பிபிஏடி' எனப்படும் நிலப் பத்திர அதிகாரி முன்தான் எழுத வேண்டும். அவருக்கான கட்டணம் விலையில் 1%-க்கு மேல் போகக் கூடாது. விற்பவருக்கு 2.5% வருமான வரி, வாங்குபவருக்கு விலக்குத் தொகை போக மீதிக்கு 5% வரை வரி.

மனையோடு வயலையும் சேர்த்து வாங்கும் யோசனையில் இன்னும் இரண்டு தடை இருக்கின்றன. விவசாய நிலத்தின் உரிமையாளர் அந்த நிலம் இருக்கும் வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது 1961-லிருந்து இருக்கும் விதி. மருமகளின் அடையாள அட்டை ஜகார்த்தா முகவரியில் இருந்தால் வயல் வாங்குவது சிக்கல். 2009-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நெல் வயல் என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடும் கட்ட முடியாது. "இப்ப வயல், பின்னால மனையா மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், மாவட்ட நிலப் பயன்பாட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே நிலத்தை 'தும்பாக்' கணக்கில் சொல்கிறார்கள். நம்ம கிரவுண்டுக்கு எவ்வளவு வரும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரு தும்பாக் ஏறத்தாழ 14 சதுர மீட்டர், அதாவது சுமார் 150 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதால் 16 தும்பாக்குக்குச் சற்று குறைவு. பத்திரத்தில் சதுர மீட்டர்தான் செல்லும். விலை பேசும்போது ஒரு மீட்டருக்கா, ஒரு தும்பாக்குக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 14 மடங்கு வித்தியாசம்.

கேள்வி: நம்ம பக்கம் வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்பது போல, அங்கே மொத்தமாகப் பணம் கொடுத்து வயலை எடுத்துப் பயிர் வைக்கலாம் என்று என் தங்கை கணவரின் ஊரில் சொல்கிறார்கள். தங்கை கணவர் அந்த ஊர்க்காரர்தான். லாபமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வழக்கம் உண்மைதான், அங்கே அதற்கு 'காடே' என்று பெயர். பணம் திரும்பும் வரை வயலின் விளைச்சல் பணம் கொடுத்தவருக்கு. ஆனால் நம் போக்கியத்தில் இல்லாத ஒரு விதி அங்கே உண்டு. 1960-ம் ஆண்டின் 56-ம் எண் சட்டப்படி, விவசாய நிலத்தை ஏழு வருடம் வைத்திருந்துவிட்டால், அறுவடை முடிந்த ஒரு மாதத்துக்குள் பணம் வாங்காமலே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விளைச்சலிலேயே அசல் தீர்ந்துவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. ஏழைக் குடியானவரின் நிலம் தலைமுறைக்கும் கைமாறிப் போகாமல் காப்பதற்காகப் போட்ட நியாயமான விதி இது. எனவே ஐந்து வருடத்துக்கு மேல் நீட்டிப் பேசாதீர்கள்.

லாபக் கணக்கைப் பாருங்கள். 100 தும்பாக் என்பது 1,400 சதுர மீட்டர். ஹெக்டேருக்குச் சுமார் 5.4 டன் என்று வைத்தால் ஒரு போகத்துக்கு 750 கிலோ நெல். 2025-ல் அரசு அறிவித்த கொள்முதல் விலை கிலோ 6,500 ரூபியா. மொத்தம் 48 லட்சத்து 75 ஆயிரம் ரூபியா. தாமே உழாமல், விளைச்சலில் பங்கு என்று வேறொருவரிடம் வாரத்துக்கு விட்டால் பாதிதான் கைக்கு வரும். நம் பணத்தில் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 13,000 ரூபாய். தண்ணீர் நன்றாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்குக் கோடையில் முறைத் தண்ணீர் வந்து சேராது. ஜூலை, ஆகஸ்டில் போய் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். எழுத்தில் வேண்டும், கிராமத் தலைவர் சாட்சி, நிலத்தின் எண், அளவு, திருப்பும் மாதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: மனைவி ஊரில் வீடு கட்டிக் குடியேற நினைக்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் தங்கும் அனுமதி. விமான நிலையத்தில் 5 லட்சம் ரூபியாவுக்குக் கிடைக்கும் விசா 30 நாள். ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். குடியேற மனைவியின் பொறுப்பில் 'கித்தாஸ்' என்ற தற்காலிகக் குடியிருப்பு அனுமதி எடுங்கள். அதற்குப் பதிவான திருமணம் தேவை. மதச் சடங்கு மட்டும் செய்து பதியாமல் விட்டால் விசாவும் இல்லை, சொத்து ஒப்பந்தமும் இல்லை. ஊருக்குப் போன முதல் நாளே தெருப் பொறுப்பாளரான 'ஆர்டி' வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் தங்குபவர் சொல்வது முறை. அவரைத் தெரியாமல் அந்த ஊரில் எந்தக் காகிதமும் நகராது.

இடம் தேர்வில் மலைச்சரிவுதான் பெரிய கவலை. 2021 ஜனவரியில் சுமேடாங் மாவட்டத்துச் சிமாங்குங்கில் நிலச்சரிவில் 40 பேர் இறந்தார்கள். உங்கள் மனைக்கு மேலே மீன் குளமோ தண்ணீர் கட்டிய வயலோ இருந்தால், அந்த ஈரம் மழைக்காலத்தில் மண்ணை இளக்கிக் கீழே தள்ளும். மேட்டில் பிளவு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இருந்தால் அந்த மனையே வேண்டாம்.

அடுத்தது நிலநடுக்கம். 2022 நவம்பர் 21-ல் சியாஞ்சூரில் வந்தது 5.6 ரிக்டர்தான், ஆனாலும் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடுக்கம் தரைக்கு மிக அருகில் உண்டானதும், தூண் இல்லாத வெறும் செங்கல் சுவர்களும் காரணம். அஸ்திவாரத்தின் மேல் ஒரு கான்கிரீட் வளையம், மூலைகளிலும் மூன்று மீட்டருக்கு ஒன்றாகவும் 15-க்கு 15 சென்டிமீட்டர் தூண், சுவர் முடியும் இடத்தில் இன்னொரு வளையம் கட்டாயம். தூணில் 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு, 8 மில்லிமீட்டர் வளையக் கம்பி 15 சென்டிமீட்டர் இடைவெளியில். கொத்தனார்கள் வளையக் கம்பியை 25-க்கு விலக்கி, கம்பி முனையை வளைக்காமல் விடுவதுண்டு. கான்கிரீட் போடும் முன் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய முறையில் மரக்கால் மேல் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய சுண்டா வீடுகள் ஆடுமே தவிர, சரிந்து ஆளைக் கொல்வது அரிது. மாமனார் வீடு அப்படி இருந்தால் இடித்துவிட்டு மாடி கட்ட அவசரப்படாதீர்கள்.

தெரு பைக் போகும் அகலம்தான் என்றால், மணலும் சிமெண்டும் தோளில் சுமந்து வர வேண்டும். அந்தக் கூலியைத் தனியாகக் கணக்கிடுங்கள். மின் இணைப்பின் சுமை அளவு 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றால் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினாலே டிரிப் ஆகும். 2,200 விஏ கேளுங்கள்.

கேள்வி: மருமகள் மனை வாங்க நான் இங்கிருந்து பணம் அனுப்பலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அனுப்பலாம். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வங்கி வழியாக அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மனை மருமகள் பேரில் என்பதால், படிவத்தில் அன்பளிப்பு என்று எழுதுங்கள். சொத்து வாங்குவதாக எழுதினால் உங்கள் பேரில் பத்திரம் எங்கே என்று கேள்வி வரும். வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20% வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். 15 லட்சம் அனுப்பினால் கூடுதலாக 1 லட்சம் கையில் வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.