சட்டைக்குச் சல்யூட்

கேள்வி: ஒருவரைப் பார்த்ததுமே ‘இவர் இப்படித்தான்’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. பல தடவை தப்பாகவும் போயிருக்கிறது. இந்தப் பழக்கத்தை விடவே முடியாதா?

பதில்: தோன்றுவதை நிறுத்த முடியாது, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் தெரியாத முகங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டார்கள். அதற்குள்ளேயே ஆட்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சரி, கூடுதல் நேரம் கொடுத்தால் யோசித்து மாற்றிக்கொள்வார்களே என்றால், அதுதான் இல்லை. தீர்ப்பு பெரும்பாலும் அதேதான், ‘நான் சொன்னது சரி’ என்கிற தைரியம்தான் ஏறியது. வம்பே இங்கேதான். அதே முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஆளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, ஆனால் தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். அதனால் ஒருவருக்கு வேலை இல்லை என்பதற்கு முன், அல்லது ஒருவரை நம்பிப் பணத்தை நீட்டுவதற்கு முன், இவர் செய்த காரியம் ஏதாவது எனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோற்றத்தை வைத்து எடைபோட்டால் எதிராளிக்கு மனக்கஷ்டம், புரிகிறது. எடைபோடுகிறவருக்கு என்ன நஷ்டம்?

பதில்: வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்று ஜெர்மனியில் ஒரு செருப்புத் தொழிலாளி. திருட்டு, மோசடி என்று பல வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தவரை, பழைய குற்றவாளி என்று சொல்லி 1906-ல் போலீஸ் பெர்லினை விட்டே போகச் சொன்னது. மனிதர் என்ன செய்தார்? பழைய துணிக் கடைகளில் ராணுவக் கேப்டன் உடுப்பைத் துண்டு துண்டாக வாங்கி மாட்டிக்கொண்டு, அதே வருடம் அக்டோபர் 16 அன்று தெருவில் போன சிப்பாய்களை நிறுத்தி, ‘என் பின்னால் வா’ என்றார். வந்தார்கள்! கோபெனிக் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், நகர மன்றத்தில் நுழைந்து மேயரையே கைது செய்து, கஜானாப் பணத்தையும் எடுத்துக்கொண்டு (ரசீதெல்லாம் கொடுத்துத்தான்) நடையைக் கட்டினார். பத்து நாளில் பிடிபட்டார், அது வேறு. யோசித்துப் பாருங்கள், நேர்மையாகச் செருப்பு தைத்தபோது விரட்டப்பட்டவருக்குத் திருட வந்தபோது சல்யூட் கிடைத்திருக்கிறது. ஆளை விட்டுவிட்டு உடுப்பைப் பார்க்கிறவர்களை ஏமாற்ற, உடுப்பு ஒன்றே போதும்.

கேள்வி: முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பருக்கு முன்பே இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-ல் அதை ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார். தாடை இப்படி, காது அப்படி என்று நீளமான பட்டியல். பிறகு சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சுமார் மூவாயிரம் கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடல்வாகே கிடையாது என்று 1913-ல் எழுதினார். நண்பர் கொஞ்சம் தாமதம்.

கேள்வி: அப்படியென்றால் நன்றாக உடுத்துவதே தப்பா?

பதில்: யார் சொன்னது? இதை நானும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.