மழையில் வேலை, உடம்பில் என்ன போடுவது?

ஐப்பசி பிறந்ததும் சைட்டில் எல்லாரும் கேட்பது இதுதான். 22 வருஷம் மேஸ்திரியாக நனைந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

ரெயின்கோட் போட்டால் மழையைவிட வேர்வையில்தான் அதிகம் நனைகிறேன் அண்ணே. போடாமலே இருந்தால் என்ன? (கொத்தனார், ஒத்தக்கடை)

உங்கள் கோட் பிவிசியாக இருக்கும். அதில் வேர்வை ஆவி வெளியே போகாது. மதுரைப் புழுக்கத்துக்கு அக்குளில் ஓட்டையும் முதுகில் காற்றுத் திறப்பும் உள்ள நைலான் கோட் தேவலாம். ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

சேலைக்கு மேல் எந்தக் கோட்டும் சரியாக வரவில்லை தம்பி. (சித்தாள், மேலூர்)

நியாயம்தான் அக்கா, கடையில் இருப்பதெல்லாம் ஆம்பளை அளவு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட் ஏணியில் மிதிபடும். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவு கோட் போடுங்கள். சுடிதார் பேன்ட் இன்னும் நல்லது. தலைக்குமேல் ஆள் வேலை செய்யும் இடத்தில் சும்மாடு மட்டும் போதாது, ஹெல்மெட் வேண்டும்.

கம்பூட்டுக்குள் கான்கிரீட் போனது. சாயங்காலம் பார்த்தால் கால் வெந்த மாதிரி இருக்கிறது. (சென்ட்ரிங் வேலை, திருமங்கலம்)

வெந்த மாதிரி இல்லை, வெந்தேதான் இருக்கிறது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஈர சிமெண்டின் காரம், 14 வரை உள்ள பிஎச் அளவில் 12, 13 வரை போகும். முதலில் வலிக்காது, அதுதான் அதன் சூது. மணிக்கணக்கில் ஊறித் தோலை அரித்த பிறகுதான் எரியும். என் இடது கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, பேன்ட்டை பூட்டுக்குள் திணித்திருந்தேன். பேன்ட் பூட்டுக்கு வெளியே விழ வேண்டும். கான்கிரீட் உள்ளே போனால் உடனே பூட்டையும் சாக்ஸையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டாம். கைக்கு ரப்பர் உறைதான். நூல் உறை சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைக்கும்.

சாரத்தில் நிற்கும்போது போன்சோ (தலைவழியாக மாட்டும் தொளதொள மழைப் போர்வை) போடலாமா?

கூடாது. காற்றில் பாய்மரம் மாதிரி விரியும். உடம்போடு ஒட்டிய கோட், அதற்கு மேல் இறுக்கமாக சேஃப்டி பெல்ட்.

கம்பூட் ரப்பர்தானே, கரண்ட் அடிக்காதே?

அந்த நம்பிக்கையில் ஈரக் கையோடு மிக்ஸர் சுவிட்சைத் தொடாதீர்கள். சைட் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இடி இடித்தால்?

இறங்கிவிடுங்கள். எந்தக் கோட்டும் உதவாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் சாரம் ஏறக் கூடாது. என் சைட்டில் அப்போதுதான் டீ சொல்வேன்.