வீடுகளில் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தும்படி அரசு மக்களைத் தூண்ட வேண்டுமா?

கட்டாயம் தூண்ட வேண்டும். விளக்கை அணையுங்கள் என்று சுவரில் எழுதிவைப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக அரசு நினைப்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்சி ஆகியவற்றுக்குக் காயில் (உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. ஒரு வீட்டில் மின்சாரம் எங்கே போகிறது என்பதை அந்த வீட்டுக்காரர்களைவிட அங்கிருந்து பழுதாகி வரும் சாமான்கள் தெளிவாகச் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

"காசு கொடுத்துத்தானே பயன்படுத்துகிறேன், எவ்வளவு செலவழித்தால் அரசுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 2012ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று சென்னைக்கு மின்வெட்டு இரண்டு மணி நேரம். சேலம், ஈரோடு, கோவை போன்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டிய நாட்கள் இருந்தன. இளம்பிள்ளையிலும் ஜலகண்டாபுரத்திலும் விசைத்தறிகள் நின்றன. தறி ஓடினால்தான் கூலி என்று வாழ்கிறவர்கள் மின்சாரம் வரும் நேரத்துக்காக நள்ளிரவில் விழித்திருந்தார்கள். மாவு மில்காரரும் கொலுசுப் பட்டறைக்காரரும் அப்படித்தான். தேவை மிஞ்சி மின்சாரம் போதாமல் போகும்போது மாநிலம் எப்படியும் குறைவாகத்தான் செலவழிக்கும். முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டு, எல்லோருக்கும் வழி காட்டிக் குறைத்தால் சுமை பரவலாக விழும். கேட்காமல் விட்டால் மாவட்டத்துத் தறிக்காரர் மேல் மொத்தமாக விழும். அன்று விழுந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் "அரசுக்கு என்ன" என்ற கேள்வியை என்னால் ஏற்க முடிவதில்லை.

இன்றைக்குத் தேவை இன்னும் பெரிது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போனது. கோடையில் பகலெல்லாம் சூரிய மின்சாரம் தாங்குகிறது. மாலையில் வெயில் இறங்கியதும் அது ஓய்ந்துவிடும். காற்றாலைகள் முழு வீச்சில் சுழல்வது தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகுதான். இடைப்பட்ட ஏப்ரல், மே மாத இரவுகளில்தான் ஊரே வீடு திரும்பி மின்விசிறியையும் ஏசியையும் போடுகிறது. அந்த நேரத்தில், மாநிலங்கள் மின்சாரம் வாங்கும் மின்சந்தையில் ஒரு யூனிட் பத்து ரூபாய் வரை விலை ஏறுகிறது. வீட்டில் கட்டும் கட்டணம் அதை ஈடு செய்வதில்லை. மீதியைச் சுமப்பது மின்வாரியத்தின் கடன். அதாவது நாம் எல்லோரும்.

மேட்டூரையும் சொல்ல வேண்டும். 1934இல் முடிந்த அணை எல்லோருக்கும் தெரியும். அங்கேயே 210 மெகாவாட் திறனில் நான்கு அலகுகளும் 600 மெகாவாட் திறனில் ஒன்றுமாக அனல்மின் நிலையம் இருக்கிறது. கடலோரத்தில் இல்லாததால் அதற்கான நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூர் வந்து, பிறகு ரயிலில் மேட்டூர் வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட முக்கால் கிலோ கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியானால் யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பல். அது எங்கோ போய்விடுவதில்லை. நம் மாவட்டத்திலேயே, யாரோ குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேங்குகிறது.

சரி, எப்படித் தூண்டுவது? விலையால் தூண்ட முடியும் என்பதை நம் மாநிலம் ஏற்கெனவே நிரூபித்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. அதைவிட மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது ஐந்நூறு என்ற எண். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். அதற்குப் பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான். ஐந்நூறு யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். ஐந்நூற்று ஒன்று ஓடினால் 1,958 ரூபாய். தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடுவதால், அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். கணக்கெடுக்க வரும் நாள் நெருங்கும்போது என் கடைக்கு வருபவர்கள், "அண்ணா, நானூற்று எண்பது ஆகிவிட்டது, இன்னும் நான்கு நாள் இருக்கிறது, தாங்குமா?" என்று கேட்கிறார்கள். எந்த விளம்பரமும் இந்தக் கவனத்தை உண்டாக்கியிருக்காது.

ஆனாலும் அந்த ஐந்நூறு முரட்டுத்தனமான எல்லை. எட்டுப் பேர் வாழும் கூட்டுக் குடும்பம் சிக்கனமாக இருந்தும் அதைத் தாண்டுகிறது. தனியாக ஏசியில் தூங்கும் ஒருவர் தாண்டாமலே இருக்கிறார். தலைக்கு இத்தனை என்று கணக்கிடும் வழியை அரசு யோசிக்க வேண்டும். குடும்ப அட்டையில் ஆள் எண்ணிக்கை இருக்கத்தானே செய்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சேலம் வீடுகளில் அதிக நேரம் ஓடுவது மின்விசிறி. நாகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, வடக்கே சேர்வராயன் என்று சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் கிடக்கிறது ஊர். கோடையில் நாற்பது டிகிரி சாதாரணம். இரவிலும் காங்கிரீட் தளம் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். சாதாரண மின்விசிறி எழுபத்தைந்து வாட் இழுக்கும். பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் வேகத்தைக் குறைத்தாலும் செலவு பெரிதாகக் குறையாது. மிச்சம் அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும். இப்போது வரும் பிஎல்டிசி மின்விசிறி, அதாவது காந்தமும் மின்சுற்றுப் பலகையும் வைத்த சிக்கன மோட்டார் விசிறி, முப்பது வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு நாற்பத்து மூன்று யூனிட் மிச்சம். இரண்டு விசிறிக்கு எண்பத்தாறு.

இந்த எண்பத்தாறு யூனிட்டை இரண்டு வீடுகளில் வைத்துப் பாருங்கள். 560 யூனிட் ஓடும் வீடு 474க்கு இறங்குகிறது. 2022 கட்டணத்தில் 2,430 ரூபாய் 1,569 ஆகிறது. மிச்சம் 861 ரூபாய். இரண்டு விசிறிக்குக் கொடுத்த ஆறாயிரத்தை, குளிர் மாதங்களை ஒதுக்கிவிட்டாலும், இரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடலாம். அடுத்து, அம்மாபேட்டையில் 180 யூனிட் ஓடும் ஒரு சிறிய வீடு. அங்கே கட்டணம் 180 ரூபாயிலிருந்து ஒன்றும் இல்லை என்றாகும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறாயிரம் திரும்பி வர எட்டு ஆண்டு ஆனாலும் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்கக் கூலிக்காரரிடம் பணம் ஏது? நானூறு ரூபாய் கொடுத்து எரிந்துபோன பழைய விசிறிக்கே மறுபடி காயில் கட்டித் தரச் சொல்கிறார். நான் கட்டித் தருகிறேன். அவர் முடிவு அவர் நிலைமைக்கு முற்றிலும் சரி.

ஆனால் அந்த வீட்டில் மிச்சமாகும் எண்பத்தாறு யூனிட்டால் அரசுக்கு லாபம் உண்டு. இலவசமாகவும் சலுகையாகவும் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மானியம் கருவூலத்திலிருந்து போகிறது. மேட்டூரில் அறுபது கிலோவுக்குக் குறையாமல் கரியும் மிச்சம். லாபம் யாருக்கோ அவர்தானே முதல் போட வேண்டும்? இது தமிழ்நாட்டுக்குப் புதிய காரியமும் இல்லை. 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டம் தொடங்கி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு பெரிய விநியோகத்தை நடத்திக் காட்டிய மாநிலம் இலவச வரம்பை ஒட்டி வாழும் வீடுகளுக்கு முப்பது வாட் விசிறி இரண்டைத் தரலாம். மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்இடி பல்புகளை மொத்தமாக வாங்கியதால், ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து சில ஆண்டுகளிலேயே நாற்பதுக்கும் கீழே வந்தது. பிறகு மளிகைக் கடைகளிலேயே விற்றது. அறுபது வாட் குண்டு பல்பு யாரும் தடை போடாமலே வீடுகளிலிருந்து போய்விட்டது. அதே வழியில் ஒரு கோடி மின்விசிறி என்று 2023இல் அறிவித்தார்கள். எவ்வளவு சிக்கனம் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டை மின்விசிறிக்குக் கட்டாயமாக்கியதும் அந்த ஆண்டு ஜனவரியில்தான். ஏசிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் 2010லேயே வந்துவிட்ட விதி இது. பெரும்பாலான ஏழை வீடுகளில் இருக்கும் ஒரே குளிர்ச்சிச் சாதனத்துக்கு அது வரப் பதின்மூன்று ஆண்டு தாமதமானதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

யாரிடம் சொல்லக்கூடாது என்பதும் முக்கியம். ஏற்காடு இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். அங்கே மலைக் கிராமங்களில் இன்னும் விறகுச் சுமை தூக்கி வரும் பெண்கள் இருக்கிறார்கள். என் அக்கா அந்தப் பக்கம் வாக்கப்பட்டவர். மார்கழிக் குளிரில் வெந்நீருக்கு விறகடுப்பு மூட்டிப் புகையில் இருமியே வயதானவர். அவரைப் போன்றவர்களுக்கு எரிவாயுவும் மின்சாரமும் இன்னும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். சிக்கனம் பேச வேண்டியது விடுதிகளிடம். குளிர்வாசஸ்தலத்தில் அறைக்கு அறை ஏசி எதற்கு? இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அறைகளை எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏசியைப் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. யாரையும் தடுக்காமல், தொடக்கத்தை மட்டும் சரியாக வைக்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதையும் அரசு இப்படிப் பழக்கமாக்கலாம். கீழ் அறையில் வெப்பம் குறைவது கையால் தொட்டாலே தெரியும். வீட்டுக்கடன், வரைபட அனுமதி போன்ற இடங்களில் இதைச் சேர்த்தால் யாருக்கும் பாரமில்லை.

கணக்கை அடிக்கடி கண்ணில் காட்டுவதும் ஒரு தூண்டுதல்தான். அமெரிக்காவில் ஒரு வீட்டின் செலவை அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள்; சராசரியாக இரண்டு சதவீதம் குறைந்தது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். கோடையில் முதல் மாதம் எவ்வளவு ஓடியது என்பது தெரியும்போது இரண்டாவது மாதமும் முடிந்திருக்கும். மாதந்தோறும் கணக்கெடுக்கலாம் என்ற வாக்குறுதி 2021 தேர்தலில் வந்தது. கட்டணம் இரண்டு மாதத்துக்கே இருக்கட்டும். நடுவில் "இதுவரை இத்தனை யூனிட்" என்று கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால்கூடப் போதும், பாதி வேலை முடிந்தது.

ஒரு கோரிக்கையையும் சேர்க்கிறேன். பிஎல்டிசி விசிறிகள் பழுதாகி என்னிடம் வரத் தொடங்கிவிட்டன. காயில் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்றுப் பலகைதான் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் போயிருக்கும். அந்தப் பலகை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதம். வெளியில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பாதி விசிறி விலை. இரண்டு முறை அப்படி அவதிப்பட்ட வீட்டுக்காரர் பழைய எழுபத்தைந்து வாட் விசிறிக்கே திரும்பிவிடுகிறார். அக்கம்பக்கத்திலும் வாங்காதீர்கள் என்று சொல்கிறார். நட்சத்திரக் குறியீடு கேட்கும்போதே, பலகையைப் பத்து ஆண்டுக்கு உதிரியாக விற்க வேண்டும், அளவு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் விதி போடட்டும். மாற்றிப் பொருத்த எங்களுக்குப் பயிற்சி தரட்டும். சேலத்தில் தெருவுக்கு ஒரு காயில் கடை இருக்கிறது. கற்றுக்கொள்ள எல்லோரும் தயார்.