பங்குக் கோயில் உடற்பயிற்சி வகுப்புக்கு ஆள் குறைவது பற்றி

வணக்கம். சான் டியேகோவில் ஒரு பங்குக் கோயிலில் லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்காக நீங்கள் தொடங்கிய வகுப்புக்கு முதல் வாரம் 20 பேர் வந்தார்கள், இப்போது நாலு பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் விட்டுவிடாதீர்கள்.

வகுப்பை நீங்களே நடத்தாமல் அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே 'ஃபே என் அக்சியோன்' என்ற ஆய்வு 16 கத்தோலிக்கக் கோயில்களில், 436 பெண்களுடன் நடந்தது. ஆய்வாளர் எல்வா அரெடோண்டோவின் குழு நடத்தியது. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. நடை, நடனம், தசைப் பயிற்சி எல்லாவற்றையும் நடத்தியவர்கள் 'புரொமொத்தோரா' எனப்படும், பயிற்சி பெற்ற சமூகப் பெண்கள். வகுப்பு எடுத்ததோடு நிற்காமல் ஃபோனில் கூப்பிட்டு, என்ன தடை என்றும் பேசினார்கள். ஓராண்டு கழித்து, இந்தப் பயிற்சியில் சேர்ந்த பெண்களின் உடலியக்கம், ஒப்பீட்டுக்காக இந்தப் பயிற்சி தரப்படாத மற்றப் பெண்களைவிடக் கூடியிருந்தது.

அந்த ஃபோன் பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வராமல் போன 16 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், ஸ்பானிஷில். "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள்; "எந்த நேரம் தோது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேளுங்கள். வீட்டை விட்டுத் தனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவதையே சுயநலமாக நினைக்கும் அம்மாக்கள் நிறையப் பேர். பிள்ளைகள் பக்கத்து அறையில் விளையாடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம், பங்குத்தந்தையிடம் பேசி, ஞாயிறு ஸ்பானிஷ் திருப்பலி முடிந்ததும் அறிவிக்கச் சொல்லுங்கள். அன்றே வாசலிலிருந்து அரை மணி நேர நடையைத் தொடங்கலாம்.