மகளை ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சேர்க்கலாமா?

தம்பி, குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே எட்டு வயது மகள் ஃபிகர் ஸ்கேட்டிங் (பிளேடு வைத்த ஷூவோடு ஐஸில் சறுக்கி, பாட்டுக்கு ஆடுவது) போயே ஆவேன் என்று அடம்பிடிக்கிறாள், ஆபத்தில்லையா, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் பல வருடம் ஆடியவள். ரிங்க் என்கிற ஐஸ் தளத்தின் ஓரத்து பெஞ்சில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததுதான் என் அனுபவம்.

தாராளமாகச் சேருங்கள். விழுவாள், அதற்குப் பயப்பட வேண்டாம். நல்ல கோச் முதலில் விழுவதற்குத்தான் சொல்லிக்கொடுப்பார். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தொடை படும்படி விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவரின் பிளேடு ஏறிவிடும். யாரும் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போட்டு அனுப்புங்கள்.

நிஜமான ஆபத்து தாவல்கள் ஆரம்பித்த பிறகுதான். தாவி இறங்கும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் விழுகிறது. அதே தாவல், அதே கால், தினமும் என்றால் வளரும் எலும்பு எவ்வளவுதான் தாங்கும்? மயிரிழை விரிசல், கணுக்கால் வலி, இடுப்பு வலி எல்லாம் அப்படித்தான் வருகின்றன. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனே சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த 2022-இல் முடிவெடுத்தது. பிள்ளை வலிக்கிறது என்றால் சாக்குச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து, 'அவள் ஆக்ஸல் தாவல் போட்டுவிட்டாளாம், நீ எப்போது?' என்று கேட்கும் பெற்றோரைப் பார்த்தால்தான் எனக்கு ஐஸைவிடப் பயம். (ஆக்ஸலை முன்பக்கம் பார்த்துத் தாவ வேண்டும், காற்றில் அரைச்சுற்று கூடுதல். அவசரப்பட்டு வருவதில்லை அது.)

டிவியில் தாவல்தான் கண்ணைப் பறிக்கும். எனக்கென்னவோ அழகெல்லாம் விளிம்பில் இருக்கிறது. பிளேடின் அடிப்பகுதி நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டு. தேர்ந்தவர் வெளிவிளிம்பில் சாய்ந்து போகும்போது தலை முதல் கால் வரை ஒரே சாய்வு. காலால் உந்துவதே தெரியாது, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கிட்டே நின்றால் ஐஸ் கிழியும் சன்னமான சத்தம்கூடக் கேட்கும்.

பிரயோஜனம் கேட்டீர்களே. போட்டியில் விழுந்தால் புள்ளி குறையும், ஆனால் பாட்டு நிற்காது. எழுந்து, அது எங்கே போயிருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய யுசுரு ஹன்யு, 2022 பெய்ஜிங்கில் யாரும் போட்டியில் முடித்திராத நாலு சுற்று ஆக்ஸலுக்கு முயன்று விழுந்தார். மிச்சத்தை ஆடி முடித்து நாலாவது இடம் பிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 17 வயது அமெரிக்க வீரர் இலியா மலினின் அந்தத் தாவலைப் போட்டுக் காட்டினார். விழுந்தாலும் எழுந்து ஆடி முடிக்கிற இந்தப் பழக்கம், எத்தனை அறிவுரை சொன்னாலும் பிள்ளைக்கு வராது.

அப்புறம் ஷூ. தொடக்கத்துக்கு வாடகை ஷூ போதும். சொந்தமாக வாங்கும்போது, வளரும் பிள்ளைதானே என்று பெரிய சைஸ் எடுத்துவிடாதீர்கள். உள்ளே கால் ஆடினால் கணுக்கால் மடங்கும். வீட்டுக்கு வந்ததும் பிளேடைத் துடைக்கச் சொல்லுங்கள், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும்.