கடை எண் யார் போனில் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். போன்கள் பெருகிவிட்டன, அவற்றைக் கட்டுக்குள் வைப்பது எப்படி, ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி? எல்லோரும் ஆப் பெயரைத்தான் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கில், யார் பெயரில் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் ஆப் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டைக்கெல்லாம் ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அந்த எண் கடையில் வேலை பார்க்கும் தம்பியின் போனில் ஓடுகிறது. அவர் லீவு போட்டால் ஆர்டர் தெரிவதில்லை. நாலு பேரும் பார்க்க என்ன மென்பொருள் வாங்கலாம்?

பதில்: வாங்கவே வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே இந்த வசதி உண்டு. ஒரு முதன்மை போனோடு 4 சாதனங்களை இணைக்கலாம். கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரும் அந்த நான்கில் ஒன்றாக எண்ணப்படும்.

முதல் வேலை, கடை எண்ணின் சிம்மை உங்கள் கைக்குக் கொண்டுவருவது. சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், முதன்மை போனும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அந்தத் தம்பியின் போனில் சாட் பேக்கப் எடுத்துவிட்டு, உங்கள் போனில் அதே எண்ணைப் பதியுங்கள். பழைய உரையாடல்கள் வேண்டுமென்றால் பேக்கப் எந்த கூகுள் கணக்கில் போயிருக்கிறது என்று பதியும் முன்பே பாருங்கள். அது அவருடைய சொந்த ஜிமெயிலாக இருந்தால் உங்கள் போனில் இறங்காது. பேக்கப் அமைப்பில் கணக்கைக் கடை ஜிமெயிலுக்கு மாற்றி, இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து மற்ற போன்கள். அவற்றில் ஆப்பை நிறுவி, எண் கேட்கும் திரையில் எண்ணைப் போடாமல் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால், வேறொரு போனோடு இணைக்கும் வழி வரும். திரையில் தோன்றும் க்யூஆர் கட்டத்தை உங்கள் போனில் லிங்க்ட் டிவைசஸ் பகுதிக்குப் போய் ஸ்கேன் செய்யுங்கள். அவ்வளவுதான். எண்ணைப் போட்டு ஓடிபி வாங்கிவிட்டால் உங்கள் போனில் கணக்கு வெளியேறிவிடும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். முதன்மை போனை 14 நாள் திறக்காமல் வைத்திருந்தால் இணைந்த சாதனங்கள் எல்லாம் தானாகக் கழன்றுவிடும். வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் போனை அலமாரியில் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். இரண்டாவது, இணைத்தவர்கள் எல்லோருக்கும் எல்லா உரையாடலும் தெரியும். இவருக்கு இது மட்டும் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பேச்சு அந்த எண்ணில் வேண்டாம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்கப் பின் வைத்து, அதை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் போனை லிங்க்ட் டிவைசஸ் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் ஏஜென்சி நடத்துகிறோம். லைனுக்குப் போகும் 12 பேருக்கும் நாங்களே ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆர்டர் ஆப், மேப், போன் பேசுவது, இவை போக எதுவும் ஓடக்கூடாது. வேலையை விட்டவர் திருப்பித் தந்த இரண்டு போன்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன.

பதில்: பன்னிரண்டு போன் என்றால், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மை மென்பொருள் போடுவது நியாயம்தான். ஐந்துக்குக் கீழே என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அமைக்கும் பாடு பலனைவிடப் பெரிது.

இவ்வகை மென்பொருளை எம்டிஎம் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போலச் சந்தா கட்டுவதும் உண்டு, ஹெட்விண்ட் போல ஓப்பன் சோர்ஸாகச் சொந்த சர்வரில் நிறுவுவதும் உண்டு. எதை எடுத்தாலும் போனில் முழு அதிகாரம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை: போன் புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பதை முழுதாக அழித்துப் புதிது போலாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். ஏற்கெனவே கூகுள் கணக்கு போட்டு ஓடிக்கொண்டிருக்கும் போனில் பிளே ஸ்டோரிலிருந்து ஆப்பை இறக்கிவிட்டு, கட்டுப்பாடு வரவில்லையே என்று தேடினால் வராது.

ரீசெட் ஆனதும் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டுங்கள். க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். மென்பொருளின் நிர்வாகப் பக்கம் தரும் கட்டத்தைக் காட்டி, வைஃபை கொடுத்தால் மற்றதை அதுவே இறக்கிக்கொள்ளும். 12 போனும் ஒரே நேரத்தில் இறக்கினால் இணைப்பு திணறும்; மூன்று மூன்றாகச் செய்யுங்கள். முதல் போனை முழுதாக அமைத்து, ஒருவரிடம் கொடுத்து ஒரு வாரம் லைனில் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். அனுமதிப் பட்டியலில் கேமரா விட்டுப்போயிருக்கும், யுபிஐ ஆப் விட்டுப்போயிருக்கும். ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

திறக்காத இரண்டு போன்களுக்கு வருகிறேன். அவற்றில் போனவர்களின் சொந்த கூகுள் கணக்கு இருந்திருக்கும். பட்டனை அமுக்கி ரெக்கவரி வழியாக அழித்தால், திருடிய போன் என்று கருதிப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தப் பூட்டு உண்டு. முறையான வழி, அவர்களையே கூப்பிட்டு ஒருமுறை கணக்கைப் போடச் சொல்வதுதான். பாஸ்வேர்டு மறந்து புதிதாக மாற்றினால் 24 மணி நேரம் பொறுத்துப் போடுவது நல்லது. 'அன்லாக் பண்ணித் தருகிறோம்' என்கிற கடைகளில் வாங்கின பில்லையும் கேட்காதவர்களிடம் போக வேண்டாம். இனி போனைத் திரும்ப வாங்கும்போது, அவர் எதிரிலேயே செட்டிங்ஸில் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்து வாங்குங்கள்.

பணியாளரின் சொந்த போன் என்றால் கதை வேறு. அதில் வொர்க் புரொஃபைல் என்று தனி அறை மாதிரி ஒன்று போடலாம். வேலை ஆப்களின் மேல் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும். அவர் வீட்டுப் படங்களையோ செய்திகளையோ நீங்கள் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. சொல்லாமல் உளவு ஆப் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல் தொழில். டிசைன் படங்களை போனில் எடுத்து கம்ப்யூட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நிறமே மாறிவிடுகிறது. நெட்டும் சரியாக இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் சுருங்கும். அதிலேயே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள், படம் எடுத்தபடியே போகும். உங்களுக்கு அதைவிட நல்ல வழி லோக்கல்செண்ட் என்ற கோப்பு அனுப்பும் ஆப். இலவசம், ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். இணையம் தேவையே இல்லை, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் என்றால் கூகுளின் குயிக் ஷேரும் சரி.

'கம்ப்யூட்டர் பேரே காட்டவில்லை' என்பதுதான் அடுத்து வரப்போகும் புகார், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் காரணம் விண்டோஸ்தான். புது வைஃபையை அது பப்ளிக் என்று எடுத்துக்கொண்டு மற்ற சாதனங்களின் கண்ணில் படாமல் மறைத்துவிடும். நெட்வொர்க் அமைப்பில் அதை பிரைவேட் ஆக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸின் காவல் அரணான ஃபயர்வாலில், லோக்கல்செண்ட் பயன்படுத்தும் 53317 என்ற போர்ட்டை (வாசலை) டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். அடுத்த சந்தேகம் ரவுட்டர் மேல். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தால் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. சாதனங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் ஏபி ஐசொலேஷன் என்ற அமைப்பு ஆனில் இருந்தாலும் இதே கதி. போனில் விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

பட்டறையில் ரவுட்டரே இல்லையா? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கம்ப்யூட்டரை அதில் இணையுங்கள். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் படம் போய்ச் சேரும் முன் விண்டோஸ் அப்டேட் அன்றைய டேட்டாவை முழுங்கிவிடும்.

ஐபோனில் எடுத்த படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் கோப்பு கெடவில்லை, அதன் வகை வேறு. கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி ஒன்று: வெயிலில் எடுத்த டைலும் டியூப்லைட்டில் எடுத்த டைலும் எந்த ஆப்பில் அனுப்பினாலும் ஒன்றாகத் தெரியாது. வாடிக்கையாளருக்கு ஒரு துண்டு சாம்பிளையும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீடு. முகப்பில் ரவுட்டர், ஆபீஸ் மேசை இரண்டாம் கட்டில். அங்கே சிக்னலே இல்லை. இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்தேன். நெட் வருகிறது, ஆனால் போனிலிருந்து முகப்பில் உள்ள பிரிண்டருக்குப் போக மாட்டேன் என்கிறது.

பதில்: நம் ஊர்ச் சுவர்களின் கனத்துக்கு எந்த ரவுட்டரும் திணறத்தான் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் மடங்கும், 2.4 கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும். வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிப் பரப்பும் கம்பியில்லாத மெஷ் பெட்டிகளும் அதே சுவரைத் தாண்டித்தான் பேசியாக வேண்டும், அதனால் ஒரு கட்டுக்கு மேல் நம்ப வேண்டாம். கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுப்பதே சரி. ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் வரை போகலாம். சுவரைத் துளைக்க வேண்டாம். பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று ஆள் தேட வேண்டியிருக்கும். நிலைக்கு மேலேயே ஓட்டி, வளவின் திறந்த பகுதியை பிவிசி குழாயில் கடத்துங்கள்.

பிரிண்டர் தெரியாததற்குக் காரணம், இரண்டாவது ரவுட்டர் தனியாக ஒரு நெட்வொர்க் நடத்துகிறது. வீடு ஒன்று, உலை இரண்டு. முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு அதை மாற்றுங்கள். அந்த வசதி அதில் இல்லையென்றால் அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் (WAN) துளையில் அல்லாமல் லேன் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. ஊரில் அப்பத்தா தனியாக இருக்கிறார்கள். போனில் ஏதாவது மாறிப்போனால் இங்கிருந்தே சரிசெய்ய, தூரத்திலிருந்து போனை இயக்கும் எனிடெஸ்க் ஆப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்ட்ராய்டில் தூரத்திலிருந்து இயக்க அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் அதை யாரும் எடுப்பதில்லை. பிறகு 'பேங்கிலிருந்து பேசுகிறோம்' என்று கூப்பிடுகிறவனும் அதே ஆப்பைத்தான் திறக்கச் சொல்வான், அப்பத்தாவும் பேரன் போட்டதுதானே என்று திறப்பார்கள்.

வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைக் காட்டும் வசதி 2023 முதல் இருக்கிறது. அவர்கள் காட்ட, நீங்கள் பார்த்து, 'மேலே இருந்து மூன்றாவதைத் தொடுங்கப்பத்தா' என்று சொல்லலாம்; உங்களால் எதையும் தொட முடியாது என்பதே இதில் பாதுகாப்பு. அந்த நேரத்தில் ஓடிபி வந்தால் அதுவும் தெரியும் என்பதால், முன்பின் தெரியாதவர் யார் கேட்டாலும் திரையைக் காட்டக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது செய்ய ஒரு வேலை. செட்டிங்ஸில் இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகள் (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்கள்) அந்த வழியாகத்தான் நுழைகின்றன. நம் பக்கத்தில் பத்திரிகை வராத வாரம் ஏது!

கேள்வி: பத்து வயது மகனுக்கு, பிள்ளைகள் போன் பார்க்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டேன். ஒரு மணி நேரம்தான் கணக்கு. இருந்தும் நாளெல்லாம் போனில் இருக்கிறான்.

பதில்: ஃபேமிலி லிங்க் கட்டுப்படுத்துவது மகனின் கணக்கு இருக்கும் போனை மட்டும்தான். அவன் கையில் இருப்பது யார் போன் என்று பாருங்கள், பெரும்பாலும் தாத்தாவுடையது. பெரியவர்கள் போனுக்குப் பின் நம்பர் போட்டு, ஒரே ஆப்பை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் ஆப் பின்னிங் வசதியைப் பழக்கிக்கொடுங்கள். நேரம் முடிந்து பூட்டிய பிறகும் வரும் அழைப்பை அவன் எடுக்கலாம், அவசர அழைப்பும் போகும். அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கடை போன் தொலைந்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிடவா?

பதில்: அழிப்பது கடைசி. அழித்துவிட்டால் இருக்குமிடம் தெரியாது. கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தில் கடைக் கணக்கில் நுழைந்து முதலில் பூட்டுங்கள், திரையில் வேறொரு எண்ணைக் காட்டச் செய்யுங்கள். அடுத்து சிம்மை நிறுத்தச் சொல்லி, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். டூப்ளிகேட் சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. ஓடிபி கேட்கும் வேலைகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். புகார் நகலும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் கையில் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் விடுவிக்கலாம். பணம் போயிருந்தால் மட்டும் வரிசையெல்லாம் பார்க்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். மற்ற போன்களுக்கு *#06# அடித்து இன்றே ஒரு நோட்டில் எழுதி, கல்லாப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.