ஆட்டம் முடியுமுன் டிவியை அணைத்த அப்பா

கேள்வி: பல ஆண்டுகளாகக் கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராயின் ரசிகன் நான். 2025 ஜூனில் ஓக்மாண்டில் நடந்த அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியில் அவர் மட்டையை வீசியெறிந்ததும், முதல் அடி அடிக்கும் இடத்தைக் காட்டும் டீ அடையாளத்தை அடித்து உடைத்ததும், செய்தியாளர்களைத் தவிர்த்ததும் மனத்தை உறுத்துகின்றன. 2024-இல் பைன்ஹர்ஸ்டில் நடந்த அதே போட்டியின் கடைசிக் குழியில் அவருடைய பட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) தவறியபோது, தாங்க முடியாமல் டிவியை அணைத்துவிட்டு, கூட விழித்திருந்த 13 வயது மகனையும் படுக்க அனுப்பிவிட்டேன். அவ்வளவு பற்று அவர்மேல். இப்படிப்பட்ட சுபாவம் உள்ளவரை இனியும் கொண்டாடலாமா?

பதில்: ஓக்மாண்டில் அவர் செய்தது தவறு. ஏமாற்றத்தையோ புகழின் சுமையையோ காட்டி அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால், பற்றுக்குச் சான்றாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த டிவி விஷயத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் டிவியை அணைத்தபோது ரோரி இன்னும் தோற்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆடிவந்த பிரைசன் டிஷாம்போ ஒரே ஒரு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையில் இருந்தார்; அவரும் கடைசிக் குழியில் தடுமாறியிருந்தால் சமனை முறிக்கும் பிளே-ஆஃப் நடந்திருக்கும். அவர் தடுமாறத்தான் செய்தார். முதல் அடி இடப்பக்கம் மரத்தடிக்குப் போனது, அடுத்தது மணல் நிரம்பிய பங்கருக்குள் விழுந்தது. அங்கிருந்து, ஏறக்குறைய 55 கெஜத் தூரத்திலிருந்து, பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தி அவர் கோப்பையை வென்றார். அமெரிக்க ஓபன் வரலாற்றிலேயே மிகச் சிறந்த அடிகளில் ஒன்றாகப் பேசப்படும் அதை, கண்விழித்துக் காத்திருந்த உங்கள் மகன் பார்க்கவில்லை, அடித்தவர் உங்கள் ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால்.

அன்று ரோரியும் செய்தியாளர்களைச் சந்திக்காமல் கிளம்பிப் போனார். அவரைக் குறை சொல்லும் நீங்கள் அதே நேரத்தில் உங்கள் வீட்டில் செய்தது வேறென்ன? அவராவது மறுநாள் பிரைசனை வாழ்த்தி எழுதினார்.

அவருடைய சுபாவத்தை எடைபோட வேண்டுமானால் 2011-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் கடைசி நாளை நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கி, குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில் அன்று 80 அடிகள் எடுத்துச் சரிந்த அந்த 21 வயது இளைஞர், ஓடி ஒளியாமல் நின்று செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓபனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். மகனின் ஆட்டத்துக்காக அப்பா பல வேலைகள் பார்த்து, அம்மா தொழிற்சாலையில் இரவுப் பணி செய்த வீட்டுப் பிள்ளை அவர். அந்த வளர்ப்பு 2011-இல் தெரிந்தது, ஓக்மாண்டில் தெரியவில்லை. இரண்டும் அவர்தான்.

இந்த ஆட்டத்தில் பண்பு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். கோல்ஃப் மேதை ஜாக் நிக்லாஸ் சிறுவனாக இருந்தபோது கோபத்தில் மட்டையை எறிந்தார். இன்னொரு முறை எறிந்தால் கோல்ஃபே கிடையாது என்று அவருடைய அப்பா கண்டித்துச் சொல்லிவிட்டார். அணிகள் மோதும் ரைடர் கோப்பையில், 1969-இல், கடைசிக் குழியில் எதிராளி டோனி ஜாக்லினுக்கு மிஞ்சியிருந்த சிறிய பட் குழிக்குள் விழுந்ததாகவே ஏற்று, அவரை அடிக்கவிடாமல் தானே விட்டுக்கொடுத்து, ஆட்டத்தைச் சமனில் முடித்தவர் அதே நிக்லாஸ். ரோரி உங்கள் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தரக் கடமைப்பட்டவர் அல்லர். நீங்கள் கடமைப்பட்டவர். தோல்வி நெருங்கும்போது எழுந்து போய்விட வேண்டும் என்பதை அவன் கற்றது உங்களிடம்தான்.

பைன்ஹர்ஸ்ட் கடைசி நாளின் பதிவைத் தேடி எடுத்து, பிரைசன் கோப்பையைக் கையில் வாங்கும்வரை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அன்று அவனைப் படுக்க அனுப்பியது தவறு என்று அவனிடமே சொல்லுங்கள். பிறகு ரோரியைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டு, குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.